தில்லை மரம் எங்கே?

சிதம்பரத்துக்குத் "தில்லை" என்று ஒரு பெயர் உண்டு. இது எல்லோருக்கும் தெரியும்.

தில்லை என்பது ஒரு மரம். இதுவும் பலருக்குத் தெரியும்.

அந்த மரம் எப்படி இருக்கும்? அதன் இலை எப்படி இருக்கும்? கிளையை ஒடித்தால் என்ன வரும்?

நான்கு வீதிகளிலும் நின்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

முன்னொரு காலத்தில் இந்த ஊரே தில்லைக் காடாக இருந்தது என்று தல புராணம் சொல்கிறது. இப்போது ஊருக்குள் அந்தக் காடு கிடையாது. தில்லை மரத்தைப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரம் போக வேண்டும். தூரம் சுமார் 15 கிலோ மீட்டர்தான்.

கடலூரிலும் இதே கதைதான்.

"திருப்பாதிரிப்புலியூர்" என்று சொல்லி பஸ்சில் டிக்கெட் வாங்குகிறோம். ரெயில் நிலையத்துப் பலகையில் அதைப் படிக்கிறோம். அந்த நீளமான பெயருக்கு நடுவே ஒரு மரம் ஒளிந்து கொண்டு இருக்கிறது. அதுதான் பாதிரி மரம். பாடலீசுவரர் கோவிலின் தல மரம் அது. குழல் போன்ற பூ. நல்ல மணம்.

மரத்தின் பெயரால் விளங்கும் 2 ஊர்கள். அங்கே பிறந்த பிள்ளைகளில் பலர், அந்த மரத்தைப் பார்க்காமலேயே பள்ளிப் படிப்பை முடித்து விடுகிறார்கள்.

ஆனால், "தாவரத்தின் பாகங்கள் யாவை?" என்ற கேள்விக்கு மட்டும் மளமளவென்று விடை எழுதுகிறார்கள். வேர், தண்டு, இலை, பூ, காய், கனி! ஒரு மார்க் கூடக் குறையாது.

இது என்ன படிப்பு?

வெளியே போகும் வாத்தியார்

எல்லா வட்டாரத்திலும் இப்படி ஓர் ஆசிரியரோ ஆசிரியையோ இருப்பார்.

மழை விட்டதும் பிள்ளைகளை வெளியே அழைத்து வருவார். சுவர் ஓரத்தில் ஊரும் நத்தையைக் காட்டுவார். வேப்ப மரத்தில் எறும்பு சாரி எங்கே போகிறது என்று கண்டு பிடிக்கச் சொல்வார். குளத்து நீரை ஒரு கண்ணாடிச் சீசாவில் எடுத்து, வெயிலில் தூக்கிப் பிடிக்கச் சொல்வார். அதற்குள் ஏதோ நெளியும். பிள்ளைகள் "ஐயே!" என்று கத்துவார்கள். அந்தக் கத்தலில்தான் அறிவியல் பாடம் தொடங்குகிறது.

அவருடைய மேஜையைப் பார்த்தாலே தெரியும். குருவிக் கூடு இருக்கும். கிளிஞ்சல் இருக்கும். காய்ந்த நெற்று இருக்கும். பாம்புச் சட்டை கூட இருக்கும்.

அவரைப் பற்றி ஊரார் என்ன சொல்வார்கள்?

"அந்த சார் எப்பப் பார்த்தாலும் பிள்ளைங்களை வெயில்ல சுத்த விடுறாரு."

அவ்வளவுதான் அவருக்குக் கிடைக்கும் பட்டம்!

பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் வாயைப் பொத்திக் கொண்டு உட்கார்ந்து இருப்பார்கள். அது "நல்ல வகுப்பு" என்று பெயர் வாங்கும். சத்தம் போடாத வகுப்பு நல்ல வகுப்பு என்று நாம் முடிவு கட்டி வைத்து இருக்கிறோம். பிணவறையில் கூடத்தான் சத்தம் இல்லை!

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 1, 2-ம் வகுப்புகளுக்குச் சூழ்நிலையியல் என்றே ஒரு பாடம் இருக்கிறது. 3-ம் வகுப்பில் இருந்து அறிவியல் தனிப் பாடம். சூழ்நிலை என்றால் சுற்றி இருப்பது. சுற்றி இருப்பதைச் சுவருக்குள் உட்கார்ந்து எப்படிப் பார்ப்பது?

என் கட்சி இதுதான். தொடக்கப் பள்ளியில் அறிவியல் பாடம், வாரத்தில் ஒரு பொழுதாவது வெளியே நடக்க வேண்டும். அது அந்த ஆசிரியரின் தனிப்பட்ட ஆசையாக இருக்கக் கூடாது. கால அட்டவணையிலேயே எழுதி வைக்க வேண்டும். வெளியே போகும் ஆசிரியர் காரணம் சொல்ல வேண்டியது இல்லை. போகாத ஆசிரியர்தான் காரணம் சொல்ல வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்?

உப்பை உமிழும் இலை

முதலில் பிச்சாவரத்துக்கே போவோம்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் இருக்கிறது அந்தக் காடு. சுரபுன்னைக் காடு என்றும், அலையாத்திக் காடு என்றும் சொல்வார்கள். சுமார் 1,100 எக்டேர் பரப்பு. 2022-ம் ஆண்டு இது "ராம்சர்" பட்டியலில் சேர்க்கப்பட்டது. உலகம் முழுவதும் காக்கப்பட வேண்டிய நீர்நிலங்களின் பட்டியல் அது.

உல்லாசப் பயணிகள் படகில் ஏறுகிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். இறங்கி விடுகிறார்கள். பள்ளிக்கூடச் சுற்றுலாவும் பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது.

நல்ல ஆசிரியர் ஒருவர் உடன் இருந்தால் அங்கே என்ன நடக்கும் தெரியுமா?

"மூச்சு விடாமல் எவ்வளவு நேரம் இருப்பாய்?" என்று பிள்ளையைக் கேட்பார். பிறகு சேற்றைக் காட்டுவார். சேற்றுக்கு மேல் பென்சில் பென்சிலாக ஏதோ நீட்டிக் கொண்டு நிற்கும். அது செடி அல்ல. வேர்! சேற்றுக்குள் காற்று இல்லை. அதனால் மரம், வேரை மேலே அனுப்பி மூச்சு விடுகிறது. "வேர் பூமிக்குள் கீழ்நோக்கி வளரும்" என்று புத்தகத்தில் படித்த பிள்ளை, மேல்நோக்கி வளரும் வேரைக் கண்ணால் பார்க்கிறது.

அடுத்து, இலை. அலையாத்தி இலையின் மேல் வெள்ளையாகப் பொடி படிந்து இருக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். மரம் உப்பு நீரைக் குடிக்கிறது. வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளி விடுகிறது. நாம் வியர்வை விடுகிறோமே, கிட்டத்தட்ட அது மாதிரி.

அதற்கும் பக்கத்தில் இன்னொரு மரம். அதன் காய், மரத்தில் இருக்கும்போதே முளைத்து விடுகிறது. முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்குகிறது. பிறகு நேராகக் கீழே விழுந்து சேற்றில் குத்திக் கொண்டு நிற்கிறது. இல்லாவிட்டால் நீரில் மிதந்து வேறு இடம் போய் வேர் விடுகிறது. தாய் வீட்டிலேயே வளர்ந்து, கையில் கட்டுச் சோற்றோடு கிளம்பும் பிள்ளை மாதிரி!

அங்கேதான் தில்லை மரமும் நிற்கிறது. அதன் இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். அதைத் தொடக் கூடாது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்தின் புண்ணிய மரம், இப்படிப்பட்ட மரம்!

ஒரு மரத்தின் இலையை நக்கிப் பார்க்கலாம். பக்கத்து மரத்தின் இலையைக் கிள்ளவே கூடாது. எது எது என்று தெரிந்து இருக்க வேண்டும். இதைப் படம் போட்டு விளக்கினால் பரீட்சை வரைக்கும் நினைவு இருக்கும். நேரில் பார்த்தால் பேரன் பேத்திக்கும் சொல்லலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் காட்டில் ஒரு கலப்பு மரம் இருக்கிறது. 1995-ம் ஆண்டு அதைத் தனி வகையாக உலகுக்குச் சொன்னவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அறிஞர் கதிரேசன். பல்கலைக்கழகத்தின் பெயரையே அந்த மரத்துக்கு வைத்தார். எண்ணிப் பாருங்கள். சிதம்பரத்துக்குப் பக்கத்தில், எல்லோரும் படகில் கடந்து போன ஓர் இடத்தில், பெயர் இல்லாத ஒரு மரம் நின்று இருக்கிறது. நின்று பார்த்தவர் கண்ணுக்குத்தான் அது தெரிந்தது.

நெய்வேலிக் கதையும் அப்படித்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்று நீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. "அழுக்கு" என்று அவர் விட்டு விடவில்லை. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ம் ஆண்டு நெய்வேலி நிறுவனம் தோன்றியது. நிலக்கரி என்பது பல கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த காடு என்பதை, அந்த ஊர்ப் பிள்ளைக்கு ஒரு துண்டு கரியைக் கையில் கொடுத்தே சொல்லிவிடலாம்.

மக்குப் பிள்ளையா?

பிச்சாவரத்தில் இருளர் மக்கள் வாழ்கிறார்கள். தண்ணீரில் இறங்கி, வெறும் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பவர்கள். எந்த நேரத்தில் நீர் ஏறும், எந்த நேரத்தில் வடியும், எந்தச் சேற்றில் கால் வைக்கலாம் என்பது அவர்கள் வீட்டுச் சிறு பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வருகிறது. "உணவுச் சங்கிலி என்றால் என்ன?" என்று கேட்கிறார்கள். விழிக்கிறது. "மக்கு" என்று கடைசி பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள்.

அதே பிள்ளையை ஒரு நாள் சேற்றங்கரையில் நிறுத்திப் பாருங்கள். எந்த மீன் எதைத் தின்னும், எந்த நாரை எதைத் தேடி வரும், ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கும் நண்டு ஏன் அந்தக் கையை ஆட்டுகிறது என்று அதுதான் மற்றவர்களுக்குச் சொல்லும். வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பிள்ளை வாயைப் பிளந்து கேட்டுக் கொண்டு நிற்கும்.

வெளியே நடக்கும் பாடத்தில் கடைசி பெஞ்ச் கிடையாது. இந்த ஒரு காரணம் போதும் எனக்கு.

மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் இதே நியாயம்தான். முந்திரித் தோப்பில் வளரும் பண்ருட்டிப் பிள்ளைக்கும் இதே நியாயம்தான். அவர்கள் கொண்டு வரும் அறிவைப் பள்ளிக்கூடம் வாசலிலேயே செருப்போடு கழற்றி வைக்கச் சொல்கிறது.

கடல் சொன்ன பாடம்

"இதெல்லாம் வேடிக்கைக்கு நன்றாக இருக்கிறது. வயிற்றுக்கு ஆகுமா?" என்று கேட்கலாம்.

வயிற்றை விடுங்கள். உயிருக்கே ஆகும்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த நாளைக் கடலூர் மறக்காது. தேவனாம்பட்டினத்தில் இருந்து தெற்கே கரை நெடுகக் கடல் ஊருக்குள் புகுந்தது. மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகள் ஏராளம்.

அதே நாளில் தாய்லாந்து நாட்டுக் கடற்கரையில் ஓர் அதிசயம் நடந்தது.

இங்கிலாந்தில் இருந்து வந்த ஒரு குடும்பம் அங்கே உலாவிக் கொண்டு இருந்தது. அந்தக் குடும்பத்துச் சிறுமி பெயர் டில்லி சுமித். வயது 10. கடல் நீர் வழக்கம் போல் ஏறி இறங்கவில்லை. நுரைத்துக் கொண்டு ஏறிக் கொண்டே வந்தது. சிறுமி அதைப் பார்த்தாள். "சுனாமி வருகிறது" என்று கத்தினாள். பெற்றோர் முதலில் நம்பவில்லை. அவள் விடவில்லை. கடைசியில் கரையில் இருந்த சுமார் 100 பேரும் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அந்தக் கரையில் எல்லோரும் பிழைத்தார்கள்.

அவளுக்கு எப்படித் தெரியும்? 2 வாரத்துக்கு முன் அவளுடைய பூகோள ஆசிரியர் சொல்லிக் கொடுத்து இருந்தார். அவர் பெயர் ஆண்ட்ரூ கியர்னி. பாடம் வகுப்பறையில்தான் நடந்தது. அதை மறைக்க வேண்டியது இல்லை. ஆனால் அது மனப்பாடப் பாடமாக இருக்கவில்லை. கடலைப் பார்த்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் பாடமாக இருந்தது. அவர் சொன்னதை அந்தப் பெண் கடல் மேல் வைத்துப் பார்த்தாள்.

இந்தோனேசியாவில் சிமெலு என்று ஒரு தீவு இருக்கிறது. நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்த தீவு. சுமார் 78,000 பேர் வாழ்ந்தார்கள். 2004-ம் ஆண்டு அங்கே இறந்தவர்கள் 7 பேர்தான்! காரணம், 1907-ம் ஆண்டு அந்தத் தீவை ஒரு பேரலை அழித்தது. அதைப் பாட்டிமார்கள் கதையாகவும் தாலாட்டாகவும் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். "பூமி பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், மேட்டுக்கு ஓடு." அவ்வளவுதான் பாடம். பூமி ஆடியது. ஓடினார்கள். பிழைத்தார்கள்.

நம் கரையில் அப்படி ஒரு கதை இல்லை. நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லி இருக்கவில்லை.

சரி, அதற்குப் பிறகாவது சொல்கிறோமா? டிசம்பர் 26-ந் தேதி மலர் தூவுகிறோம். பால் ஊற்றுகிறோம். வேண்டியதுதான். ஆனால் கடலோரப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போய், "இது சாதாரண அலை. இது அல்லாததை எப்படி அறிவாய்?" என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது காட்ட வேண்டாமா?

கடற்கரையில் ஒரு குச்சியை நட்டால் போதும். நீர் எதுவரை ஏறுகிறது என்று கோடு கிழிக்கலாம். ஒரு நாளில் 2 முறை கடல் ஏறும், 2 முறை இறங்கும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். இன்று காலை 6 மணிக்கு நீர் ஏறினால், நாளை சுமார் 6.50-க்கு ஏறும். ஏன்? சந்திரனைக் கேள்! 4-ம் வகுப்புக் கணக்கும் வந்து விட்டது. அறிவியலும் வந்து விட்டது. குச்சிக்கு விலை கிடையாது.

சுனாமியின்போது மரங்கள் அலையைத் தடுத்தனவா என்று பெரிய விவாதமே நடந்தது. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2005-ம் ஆண்டு "சயன்ஸ்" என்ற உலகப் புகழ் பெற்ற பத்திரிகையில் வெளியாயிற்று. மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது அது. வேறு சில அறிஞர்கள் மறுத்தார்கள். "ஊர் மேட்டில் இருந்ததும், கடலுக்குத் தூரத்தில் இருந்ததும்தான் முக்கியக் காரணம்" என்றார்கள்.

இதைப் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லலாம். அறிவியல் என்பது முடிந்து போன விடைகளின் மூட்டை அல்ல என்று அவர்களுக்குத் தெரியட்டும். நம் மாவட்டத்து மண்ணைப் பற்றி உலக அறிஞர்கள் சண்டை போட்டு இருக்கிறார்கள். நம் பிள்ளைக்கு அது தெரியாது!

காட்டை அழித்தது யார்?

பிச்சாவரக் காட்டில் ஒரு பகுதி மொட்டையாகிப் போனது. "ஊர் மக்கள் மரம் வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள். அதனால்தான் அழிந்தது" என்று வெகு காலம் சொல்லி வந்தார்கள்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் இடத்தில் இறங்கிப் பார்த்தார்கள். வேறு கதை தெரிந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் இருந்தே, காட்டைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டி விற்கும் வழக்கம் இருந்தது. மரம் போன இடத்தில் வெயில் நேராக அடித்தது. நிலம் காய்ந்து பள்ளமாயிற்று. ஏறிய கடல் நீர் திரும்பி வடியாமல் அங்கேயே தேங்கியது. வெயிலில் வற்றியது. உப்பு மட்டும் மிஞ்சியது. பிறகு எந்த விதையும் முளைக்கவில்லை.

மருந்து என்ன? நீர் வந்து போகக் கால்வாய் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய கால்வாய், இரு பக்கமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்கள். மேலே இருந்து பார்த்தால் மீன் முள் போல இருக்கும். வனத் துறையும் கிராம மக்களும் சேர்ந்து கன்று நட்டார்கள். காடு திரும்பி வந்தது.

இதை ஒரு தட்டில் மண்ணை வைத்து 5-ம் வகுப்புப் பிள்ளையே செய்து பார்க்கலாம். ஒரு பள்ளம் தோண்டி உப்பு நீர் ஊற்றி வெயிலில் வைக்கட்டும். இன்னொரு பள்ளத்துக்கு வடிகால் வெட்டட்டும். 3 நாளில் விடை தெரியும்.

தவறு செய்யாதவன் மேல் விழுந்த பழியையும் அறிவியல் நீக்கும் என்பது, அந்தத் தட்டில் இருந்து கிடைக்கும் கூடுதல் லாபம்.

கடலூர் சிப்காட் பக்கத்து ஊர்க்காரர்களும் இப்படி ஒரு வேலை செய்தார்கள். வீட்டுக்குள் நாற்றம் வருகிறது, கண் எரிகிறது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். 2004-ம் ஆண்டு அவர்களே பயிற்சி பெற்று, விசேஷ வாளியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். எந்த நாள், எந்த நேரம், என்ன வாடை என்று எழுதி வைத்தார்கள். பெரிய படிப்பு படித்தவர்கள் அல்ல. மூக்கும் நோட்டுப் புத்தகமும்தான் கருவி. கவனிக்கவும் குறிக்கவும் 8 வயதில் பழகிய பிள்ளையை, 28 வயதில் யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

தாய்மார்களின் பயம்

இனி, எதிர்க் கட்சியின் வாதத்துக்கு வருவோம். அதில் நியாயம் இருக்கிறது.

"பிள்ளைங்களை ஆத்துப் பக்கம் எதுக்கு சார் கூட்டிக்கிட்டுப் போறீங்க? ஏதாவது ஆயிட்டா யாரு பதில் சொல்றது?" என்று ஒரு தாய் கேட்டால், அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது.

2022-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி, கடலூர் அருகே கெடிலம் ஆற்றில் குளிக்கப் போன 7 பேர் மூழ்கி மாண்டார்கள். சிறுமிகளும் இளம் பெண்களும். அந்தத் துயரத்தை நினைத்தால் எந்தத் தாய்க்குத்தான் வயிறு கலங்காது?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாத நாள். அவர்களை எந்த ஆசிரியரும் அழைத்துப் போகவில்லை.

பள்ளிக்கூடக் கதவைச் சாத்தி வைத்தால் ஆறு ஊரை விட்டுப் போய் விடுமா? கெடிலம் அங்கேயேதான் ஓடும். பெண்ணையாறும் வெள்ளாறும் அங்கேயேதான் ஓடும். லீவு நாளில் பிள்ளைகள் அங்கே போகத்தான் போகிறார்கள். தனியாகப் போவார்கள். தெரியாமல் போவார்கள்.

மேலே அமைதியாக இருக்கும் நீருக்கு அடியில் திடீர்ப் பள்ளம் இருக்கலாம் என்பதை, பெரியவர்கள் கரையில் நிற்க, ஒரு நீளக் கழியை விட்டுக் காட்டும் ஆசிரியர் அந்த ஊருக்கு வேண்டும். மூழ்குகிறவரைக் காப்பாற்ற நீரில் குதிக்காதே, துப்பட்டாவையோ கழியையோ நீட்டு என்று சொல்லித் தரும் ஆசிரியர் வேண்டும். ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்தில் இதை விடப் பெரிய அறிவியல் பாடம் எது?

அதே சமயம் ஒரு கண்டிப்பும் வேண்டும். ஒற்றை ஆசிரியர் 40 பிள்ளைகளை இழுத்துக் கொண்டு நீர் ஓரம் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். அது ஆர்வம் அல்ல. பொறுப்பின்மை.

ஆள் பற்றாக்குறை

இரண்டாவது வாதம், இன்னும் பலமானது.

கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ம் ஆண்டு வந்தது. அதன்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்புகளோ 5! ஒருவர் ஒரு வகுப்பை வெளியே அழைத்துப் போனால், மற்ற 4 வகுப்பையும் யார் பார்ப்பது? நடுவில் பதிவேடு, கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் வேலை, கூட்டம், பயிற்சி! ஆசிரியர்கள் அலுத்துக் கொள்வதில் பொய் இல்லை.

பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் வராதபோது நத்தை எதற்கு என்றும் கேட்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2022-ம் ஆண்டு "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் நத்தையைப் பார்த்த பிள்ளைக்கு அதைப் பற்றி 4 வரி எழுத ஆசை வரும். பார்க்காத பிள்ளைக்குப் பலகையில் எழுதிப் போட வேண்டும். எழுத்தை வளர்க்கவும் நத்தை உதவும்.

அரசாங்கமும் ஒன்றும் செய்யாமல் இல்லை. 2022-ம் ஆண்டு நவம்பரில் "வானவில் மன்றம்" தொடங்கியது. பள்ளிக்கே வந்து சோதனை செய்து காட்டும் நல்ல திட்டம். ஆனால் அது 6-ம் வகுப்பு முதல் 8-ம் வகுப்பு வரைக்கும். "ஏன்? ஏன்?" என்று பிள்ளை நச்சரிக்கும் வயது 6 அல்லவா? 6-ம் வகுப்பு அல்லவே!

இந்த யோசனைகள் புதியவையும் அல்ல. தாகூர் 1901-ம் ஆண்டு சாந்திநிகேதனில் மரத்தடியில் பள்ளிக்கூடம் வைத்தார். தொடக்க வகுப்பு அறிவியல், பிள்ளையின் சுற்றுப்புறத்தோடு இணைந்து இருக்க வேண்டும் என்று 1966-ம் ஆண்டிலேயே கோத்தாரி கமிஷன் எழுதிக் கொடுத்தது. படிப்புச் சுமையைக் குறையுங்கள் என்று 1993-ம் ஆண்டு யஷ்பால் கமிட்டி சொன்னது. எல்லாம் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன.

மத்தியப் பிரதேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1972-ம் ஆண்டு ஹோசங்காபாத் மாவட்டத்தில் 16 பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பிள்ளைகள் வயலுக்கும் ஓடைக்கும் போய்த் தாங்களே கண்டு பிடித்துப் படிக்கும் திட்டம். நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. 30 ஆண்டுகள் நடந்தது. 2002-ம் ஆண்டு மாநில அரசாங்கம் ஒரே உத்தரவில் நிறுத்தி விட்டது.

நல்ல ஆசிரியர்களின் ஆர்வத்தை மட்டும் நம்பினால் இதுதான் கதி. ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் பாடமும் மூட்டை கட்டிக் கொண்டு போய் விடும். பெற்றோர் "எங்களுக்கு வேண்டும்" என்று கேட்டால்தான் நிலைக்கும்.

யார் யார் வரலாம்?

5 வகுப்பையும் சேர்த்தே வெளியே அழைத்துப் போகலாம். 5-ம் வகுப்புப் பிள்ளை 1-ம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கொள்ளட்டும். ஒரே வேப்ப மரத்தைச் சின்னது படம் வரையட்டும், பெரியது சுற்றளவை அளக்கட்டும்.

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி "தானே" புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அதற்குப் பிறகு நட்ட மரம் எது, தப்பித்த மரம் எது என்று அந்தந்த ஊர் விவசாயிக்குத் தெரியும். அவரை ஒரு பொழுது கூப்பிடலாம். வலை பின்னும் மீனவரைக் கூப்பிடலாம். பிச்சாவரத்து இருளர் பெரியவரைக் கூப்பிட்டால், பல்கலைக்கழகப் பேராசிரியரே வந்து உட்கார்ந்து கேட்பார்.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் 1961-ம் ஆண்டு முதல் இருக்கிறது. வெள்ளாற்றின் கழிமுகத்திலேயே இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷையா உருவாக்கியது. உலகத்தில் எங்கெங்கோ இருந்து ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்கள். சுற்று வட்டாரத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் ஆண்டுக்கு ஒரு முறை அந்த வாசலை மிதிக்க ஏற்பாடு செய்வது பெரிய காரியமா?

பஸ் கட்டணம் இல்லையா? நடந்தே போகும் தூரத்தில் குளம் இருக்கிறது. குளமும் இல்லையா? பள்ளிக்கூடச் சுவரில் பாசி இருக்கும்.

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர்தான். கூட்டம் போட்டால் கக்கூஸ், குடிதண்ணீர், சுற்றுச் சுவர் பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு தாய் எழுந்து கேட்கட்டும்:

"டீச்சர், பிள்ளைங்களை எந்தக் கிழமை வெளியே கூட்டிக்கிட்டுப் போறீங்க? சொல்லுங்க. துணைக்கு நானும் வர்றேன்."